இருவர், இரண்டு குடும்பம், ஒரு நாய், ஒரு பூனை: கிறிஸ்துமஸ் விடுமுறைக்கான முழுமையான வழிகாட்டி

கல்யாணமான பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் அன்று எங்கள் நாய் மணி காணாமல் போனான். பகல் 12 மணி இருக்கும். வாசலில் என் நாத்தனார் குடும்பம் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் இரண்டு பாத்திரம், ஹாலில் எட்டுப் பேர். கேட்டைத் திறந்தவர்கள் மூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டேன், "மணி உங்ககிட்டதானே இருந்தான்?" கையில் கேக் தட்டோடு நின்ற என் கணவர் முகம் மாறியது. "இல்லையே, நீ ரூம்ல விட்டிருப்பேன்னு நினைச்சேன்."

இரண்டு தெரு தள்ளி, நிறுத்தியிருந்த ஒரு லாரிக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. யார் மேலும் கோபப்பட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு மாதமாக இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் நண்பர்களிடமும் மணிக்கணக்கில் பேசியிருந்தோம். எங்கள் இருவருக்குள் மட்டும் பேசியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் திருத்தித் திருத்தி நாங்கள் கைக்கொண்ட முறையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். குழந்தை இல்லாத தம்பதிக்கும், குழந்தைகள் வளர்ந்து வெளியூர் போன தம்பதிக்கும், வீட்டில் ஒரு கிளி மட்டும் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: நவம்பர் முதல் வாரம், இருவர் மட்டும்

ஒரு காலண்டர், ஒரு பேனா, இரண்டு மணி நேரம். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். இருவரும் தனித்தனியாக ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: இந்த விடுமுறையில் எது இல்லாவிட்டால் எனக்கு மனசே ஆறாது, எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, எது எனக்கு உண்மையில் பிடிக்கவில்லை. பிறகு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் தடவை செய்தபோது, நள்ளிரவு ஆராதனைக்கு என்னோடு நடந்துபோவதை அவர் முதல் வரியாக எழுதியிருந்தார். அவர் எனக்காகத்தான் வருகிறார் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது.

சண்டை வரும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: 25ஆம் தேதி யார் வீட்டில்? அந்த ஒரு நாளுக்குள் இரண்டு குடும்பத்தையும் திணிக்கப் பார்க்கும்போதுதான் மனம் நொந்துபோகிறது. ஆனால் திருச்சபையின் நாட்காட்டியே கிறிஸ்துமஸை ஒரு நாளில் முடிப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் 25ஆம் தேதிக்கு முந்தைய நான்காவது ஞாயிறில் தொடங்குகிறது; அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். கிறிஸ்துமஸ் காலம் 25இல் தொடங்கி ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா வரையாவது நீள்கிறது. 26 புனித ஸ்தேவான் நாள், 28 மாசில்லாக் குழந்தைகள் நாள். கத்தோலிக்கர் பெரும்பாலும் கிறிஸ்துமஸை அடுத்து வரும் ஞாயிறைத் திருக்குடும்ப விழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஆகவே 28ஆம் தேதி மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தும் கிறிஸ்துமஸ் விருந்துதான். இதை என் அப்பாவிடம் நாட்காட்டியைக் காட்டிச் சொன்னபோது அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

இருவரும் வேறு வேறு சபையைச் சேர்ந்தவர்கள் என்றால் இது இன்னும் எளிதாகலாம். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு நம் கணக்கில் ஜனவரி 7தான் கிறிஸ்துமஸ். ஆர்மீனிய அப்போஸ்தலிக்கத் திருச்சபைக்கு ஜனவரி 6. ஒரு துணை வேறு மதம் என்றால், எதில் கலந்துகொள்வார், எதில் வெளியே இருப்பார் என்பதை நவம்பரில் இப்படி உட்காரும்போதே பேசிவிடுங்கள். ஆராதனைக்கு வருவதும், நற்கருணையின்போது உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதும் இரண்டும் மரியாதையானவைதான். வாசலில் வைத்து அவசரமாக முடிவு செய்யும்போதுதான் ஒருவர் மனம் புண்படுகிறது.

காலண்டரில் எழுதும்போது இரண்டு விதிகள் போதும். ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் வேண்டாம். 26க்கும் 31க்கும் இடையில் ஒரு முழு நாளை யாருக்கும் தராமல் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் உங்கள் இருவருக்கும், காலடியில் படுத்திருக்கும் ஜீவனுக்கும்.

பண விஷயத்தையும் அன்றே முடியுங்கள்: பரிசு, பயணம், விருந்து, மிருக வைத்தியம் என நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. நான்காவதை எல்லோரும் மறக்கிறார்கள். விடுமுறை நாளில் அவசர சிகிச்சைக்குப் போனால் கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அதை முதலிலேயே ஒதுக்கி வைத்தால் அந்த நேரத்தில் தயங்க மாட்டீர்கள்.

படி 2: அவரவர் வீட்டுக்கு அவரவரே சொல்வது

இதில் விதிவிலக்கே வேண்டாம். "இந்த வருஷம் 25க்கு வர முடியாது, 28 வர்றோம்" என்பதை என் அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். அவருடைய அம்மாவிடம் அவர். மருமகன் வாயிலிருந்தோ மருமகள் வாயிலிருந்தோ வந்தால் அதே செய்தி வேறு மாதிரி காதில் விழும், பல வருடம் அங்கேயே தங்கிவிடும்.

"அம்மாகிட்ட நானே பேசிக்கிறேன், நீங்க பக்கத்துல இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்தேன். காரணங்களை அடுக்கவில்லை. வர முடியாத நாளைச் சொன்ன அதே மூச்சில் வரும் நாளையும், எத்தனை நாள் தங்குவோம் என்பதையும், மணி கூட வருகிறானா இல்லையா என்பதையும் சொன்னேன். தேதி கையில் இருந்தால் பெற்றோருக்குப் பாதி வருத்தம் குறைந்துவிடும்.

அந்த வருடம் குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் திட்டம் போடும் முன் அந்த வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்: "அப்பா இல்லாத முதல் கிறிஸ்துமஸ், உங்களுக்கு எப்படி இருந்தா நல்லா இருக்கும்மா?" சிலர் வழக்கம் மாறாமல் நடக்க வேண்டும் என்பார்கள், சிலர் ஊரைவிட்டே போய்விட வேண்டும் என்பார்கள். நாமாக யூகித்து எந்தப் பக்கம் போனாலும் தப்பாகும். வளர்த்த நாயோ பூனையோ போன வருடத்துக்கும் இதுவேதான். அந்தத் துக்கத்தைச் சிறிதென்று நினைக்க வேண்டாம்.

படி 3: மிருகம் எங்கே இருக்கும்?

நான்கு வழிகள். வீட்டிலேயே, நீங்களும் வீட்டில். உங்களோடு பயணம். வீட்டிலேயே, ஒருவர் வந்து பார்த்துக்கொள்வது. வெளியே போர்டிங், அதாவது மிருகங்களைக் கட்டணத்துக்குத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்.

பூனைக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் நல்லது. பூனைக்கு ஆளைவிட இடம் முக்கியம். புது வீட்டில் இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும், சாப்பிடாமல் இருக்கும். நாய்க்கு ஆள்தான் முக்கியம். முயலை யாரிடம் விட்டாலும் ஒன்றை எழுதிக் கொடுங்கள்: அதன் குடல் ஓயாமல் இயங்க வேண்டும், அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் அது அவசரம், மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது. மீன் தொட்டியில் ஆபத்து பட்டினியால் வருவதைவிட, பார்த்துக்கொள்ள வந்தவர் பாசத்தில் அள்ளிப் போடுவதால் வருகிறது. ஒவ்வொரு நாள் தீனியையும் தனித்தனி சின்னப் பொட்டலமாகக் கட்டித் தேதி எழுதி வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இங்கேதான் நண்பர்கள் பெரிய உதவி. மிருகம் வளர்க்கும் இன்னொரு தம்பதியோடு மாற்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: 24, 25 அவர்கள் உங்கள் பூனைக்குச் சோறு வைக்கட்டும், 31, 1 நீங்கள் அவர்கள் நாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே அவர்களை வீட்டுக்கு அழைத்து, பூட்டு திறப்பதிலிருந்து மணல் தட்டு சுத்தம் செய்வது வரை ஒருமுறை அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். வெறும் சாவியை நீட்டினால் போதாது.

போர்டிங் என்றால் நவம்பரிலேயே இடம் பிடிக்க வேண்டும். தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி வர ஓரிரு வாரமாவது ஆகும். எல்லை தாண்டிப் பயணம் என்றால் பல நாடுகளில் முதல் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு 21 நாள் கழிந்திருக்க வேண்டும், அதற்கு முன் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். டிசம்பர் 10ஆம் தேதி நினைவுக்கு வந்தால் அந்த வருடத்துக்குக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தம்.

கூட்டிப் போவதானால் கேரியர் பெட்டியை இப்போதே ஹாலில் திறந்து வையுங்கள், உள்ளே பழைய போர்வையைப் போட்டு. ஒரு மாதம் அதில் படுத்துத் தூங்கிய பூனை பயணத்தன்று அதைக் கண்டு ஓடாது. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். வழியில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நாயை இறக்குங்கள், கதவைத் திறக்கும் முன் சங்கிலியை மாட்டுங்கள். மூடிய காரில் விட்டுவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்று கடைக்குள் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பது போதாது.

மணி தொலைந்த அன்று அவன் கழுத்துப் பட்டையில் எங்கள் பழைய போன் எண் இருந்தது. இந்த வாரமே போய்ப் பாருங்கள். மைக்ரோசிப் இருந்தால் அதன் பதிவில் உள்ள எண்ணையும் சேர்த்து.

படி 4: மரம், விளக்கு, குடில்

மரத்தை நிறுத்திவிட்டு ஒன்றிரண்டு நாள் எதுவும் தொங்கவிடாமல் சும்மா விடுங்கள். பூனை மோந்து பார்க்கும், ஏறிப் பார்க்கும், சலித்துப்போகும். உச்சியை ஒரு மெல்லிய கம்பியால் சுவரோடு கட்டிவிடுவது நல்லது. கண்ணாடி உருண்டைகள் மேல் கிளையில். கீழ்க் கிளைகளில் துணி, மரம், காகிதம். விளக்கு ஒயரை இரவில் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். உண்மையான மரத்தை வைத்து அடியில் தண்ணீர் ஊற்றுபவர்கள் அந்தத் தொட்டியை மூட வேண்டும். தேங்கிய தண்ணீரும் அதில் கலக்கும் உரமும் வயிற்றைக் கெடுக்கும்.

பூனை உள்ள வீட்டில் ஜிகினா இழை வேண்டவே வேண்டாம். பரிசு கட்டும் மெல்லிய ரிப்பனும் அப்படித்தான். பளபளவென்று அசைவது பூனைக்கு விளையாட்டு. விழுங்கிவிட்டால் ஒரு நுனி நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறு நுனியைக் குடல் இழுத்துக்கொண்டே இருக்கும். குடல் சுருக்குப்பை மாதிரி மடிந்து, இழை அறுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தெரிந்தால் பிடித்து இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மலர் அலங்காரத்தில் லில்லி இருக்கவே கூடாது. இதழ், இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாளில் செயலிழக்கச் செய்யும். உடம்பில் ஒட்டிய மகரந்தத் தூளை நக்கினாலே போதும். விருந்தினர் கையில் பூங்கொத்தோடு வரலாம், ஆகவே அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்தச் சிவப்பு இலைச் செடியான பாயின்செட்டியாவுக்கு உள்ள கெட்ட பெயர் அளவுக்கு மீறியது. கொஞ்சம் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், அவ்வளவுதான்.

குழந்தைகளோடு சேர்ந்து உப்பும் மாவும் பிசைந்து அலங்காரப் பொம்மை செய்யும் வீடுகள் உண்டு. அதில் ஒன்றை நாய் தின்றுவிட்டால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகும். காய்ந்ததும் உயரத்தில் தொங்கவிடுங்கள். பேட்டரி மெழுகுவத்தி, பாட்டுப் பொம்மை, மினுக்கும் நட்சத்திரம் எல்லாவற்றிலும் இருக்கும் பட்டன் பேட்டரியின் மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். அது உணவுக்குழாயில் தங்கினால் ஓரிரு மணி நேரத்திலேயே புண்ணாக்கும், குழந்தைக்கும் நாய்க்கும்.

பறவை வளர்ப்பவர்கள் வாசனை மெழுகுவத்தியையும் சாம்பிராணிப் புகையையும் அந்த அறையில் தவிர்க்க வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரத்தை அடுப்பில் காயவிட்டு மறந்தால் வரும் புகை நமக்கு வெறும் நெடி. கிளிக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் நிமிடங்களில் உயிர் போய்விடும். விருந்து சமைக்கும் நாளில் கூண்டு அடுப்படிக்கு எட்டாத அறையில், கதவு மூடி.

குடிலை மட்டும் நாங்கள் தரையில்தான் வைக்கிறோம். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோ ஊரில் முதன்முதலாகக் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் பக்கத்தில் நிறுத்தினார். குட்டி என்று பெயர் வைத்த எங்கள் பூனை ஒவ்வொரு வருடமும் அந்த வைக்கோலில் சுருண்டு படுக்கும். பொம்மைகள் பெரியவை, விழுங்க முடியாதவை என்பதால் அதை நாங்கள் எழுப்புவதில்லை.

படி 5: விருந்தினருக்கு முன்கூட்டியே என்ன சொல்வது

அழைப்போடு சேர்த்து மூன்று கேள்வி: பூனை, நாய் அலர்ஜி உண்டா, நாய்க்குப் பயமா, சின்னக் குழந்தைகள் வருகிறார்களா?

பூனை அலர்ஜிக்குக் காரணம் அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம். அது சோபாவிலும் திரைச்சீலையிலும் மாதக்கணக்கில் தங்கும். அன்று காலை பூனையை அறையில் அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். முன்பே சொன்னால் அவர் மாத்திரை எடுத்துக்கொண்டு வருவார், அல்லது மாடியிலோ முற்றத்திலோ சந்திக்கலாம்.

நாய்க்குப் பயப்படுபவரிடம் "ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க" என்று சொல்வதை நம் வீடுகளில் நிறுத்த வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவர் பயம் அவருக்கு உண்மை. அவர் உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்து முடிக்கும்வரை நாய் உள்ளறையில் இருக்கட்டும்.

குழந்தைகளுக்கு விதி இரண்டே: தூங்கும் நாயையும் சாப்பிடும் நாயையும் தொடக்கூடாது, தடவினால் மூன்று எண்ணிவிட்டுக் கையை எடுக்க வேண்டும், அது மறுபடி நெருங்கி வந்தால் மட்டும் தொடரலாம். பெரியவர்கள் கவனிக்க வேண்டியது உறுமலுக்கு முன்னால் வரும் அறிகுறிகள். உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாமல் கொட்டாவி, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடம்பு விறைப்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் குழந்தையைப் பாட்டுப் பாடக் கூப்பிடுங்கள். நாய் உறுமினால் அதட்டாதீர்கள். உறுமக்கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் எச்சரிக்காமல் கடிக்கும்.

வருபவர்களும் தங்கள் நாயோடு வந்தால், முதல் சந்திப்பை வீட்டுக்கு வெளியே பொதுவான இடத்தில், இரண்டும் ஒரே திசையில் நடக்க வைத்து நடத்துங்கள். பிறகு ஒன்றாக உள்ளே நுழையட்டும். தீனித் தட்டுகளும் விளையாட்டுச் சாமான்களும் அதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

படி 6: மூடிய அறை

எங்கள் வீட்டில் படுக்கையறைதான் அது. 20ஆம் தேதியே தயார் செய்கிறோம்: படுக்கை, தண்ணீர், பூனைக்கு மணல் தட்டு, ஏறி உட்கார ஓர் உயரமான இடம், எங்கள் பழைய சட்டை ஒன்று. 21, 22 தேதிகளில் விருந்தினர் யாரும் இல்லாதபோதே மணியை அரை மணி நேரம் அங்கே விட்டு, நக்கித் தின்ன ஏதாவது கொடுக்கிறோம். விருந்தன்று முதன்முதலாகக் கதவை மூடினால் தண்டனை என்று நினைப்பான். பழகியிருந்தால் அவனே போய்ப் படுப்பான். கதவில் காகிதம் ஒட்டுகிறோம்: "உள்ளே மணி தூங்குகிறான், திறக்க வேண்டாம்." ஒட்டாத வருடம் யாராவது கோட் வைக்கவோ குழந்தையைத் தூங்கவைக்கவோ திறந்துவிடுகிறார்கள்.

வெடிச்சத்தம் உள்ள ஊர் என்றால் இந்த அறை இன்னும் முக்கியம். நம் காதுக்கு சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு சுமார் 45, பூனைக்கு 64 வரை. ஜன்னலை மூடி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியையோ பாட்டையோ ஓட விடுங்கள். பயந்து மடியில் ஏறினால் அணைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. மிகவும் நடுங்கும் நாய்க்கு மருந்து உண்டு, ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் மருத்துவரைப் பார்த்து, ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நாம் போடும் தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.

படி 7: சாப்பாட்டு மேசையிலிருந்து எது போகலாம்

மசாலா, உப்பு, எலும்பு இல்லாத வெந்த கறித்துண்டு, வெறும் சாதம், வேகவைத்த கேரட். இவற்றைத் தனியாக எடுத்து வைத்து, "மணிக்கு ஏதாவது குடுக்கணும்னா இதிலிருந்து குடுங்க" என்று ஒரு கிண்ணத்தை மேசையிலேயே வைத்துவிடுங்கள். கொடுக்கக்கூடாது என்று மாமாவிடம் சொன்னால் மேசைக்கு அடியில் கொடுப்பார். கிண்ணம் இருந்தால் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

கொடுக்கவே கூடாதவற்றில் முதலாவது சாக்லேட். அதிலுள்ள தியோப்ரோமின் நாயின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 20 மில்லிகிராம் போனால் வாந்தியும் பதற்றமும் தொடங்கும், 40 தாண்டினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், 60இல் வலிப்பு. டார்க் சாக்லேட்டில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 5 மில்லிகிராம், பால் சாக்லேட்டில் 2. அதாவது 10 கிலோ நாய்க்கு டார்க் சாக்லேட் 40 கிராமே பிரச்சினை, கோக்கோ பவுடர் இன்னும் கொஞ்சமே போதும். மரத்தடியில் பொட்டலம் கட்டிய சாக்லேட் பரிசை நாய் மூக்கு பத்தடியிலேயே கண்டுபிடிக்கும், ஆகவே தின்பண்டப் பரிசுகள் அலமாரியில்.

திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. கிறிஸ்துமஸ் கேக்கில் கிஸ்மிஸ், மது, சில நேரம் சாக்லேட் எல்லாம் சேர்ந்திருப்பதால் ஒரு துண்டும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும், பச்சையோ வெந்ததோ பொடியோ, சிவப்பணுக்களைச் சிதைக்கும்; பூனைக்கு அதிகம், அறிகுறி தெரியவே சில நாள் ஆகும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் இனிப்பிலும் உள்ள சைலிட்டால் நாய்க்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கும், அளவு கூடினால் கல்லீரலும் போகும். வெந்த எலும்பு கூர்மையாகப் பிளக்கும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்து பொங்க வைத்த மாவு வயிற்றுக்குள்ளும் பொங்கும், சாராயமும் ஆகும். கொழுப்பும் தோலும் நிறையத் தின்றால் கணைய அழற்சி.

விருந்தினர் கைப்பைகளைத் தரையில் வைக்க விடாதீர்கள். வாசலருகே உயரத்தில் நாலைந்து கொக்கி போதும். சூயிங்கம், வலி மாத்திரை எல்லாம் பையில்தான் இருக்கும். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

ஏதாவது தின்றுவிட்டால்: எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள், உறையை எடுத்து வையுங்கள், மருத்துவரை அழையுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. 24 இரவிலும் 25ஆம் தேதியிலும் திறந்திருக்கும் இரண்டு மருத்துவமனைகளின் எண்ணை 23ஆம் தேதியே போன் செய்து உறுதிப்படுத்தி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

படி 8: 24 இரவும் 25ஆம் தேதியும்

ஆராதனைக்குப் போகும் முன் நாயை நீண்ட நடைக்குக் கூட்டிப் போங்கள். களைத்த நாய் தூங்கும். திரும்பி வந்ததும் உடையை மாற்றும் முன் பத்து நிமிடம் அதோடு தரையில் உட்காருங்கள்.

25 காலை எழுந்ததும் போனை எடுக்காதீர்கள். முதல் ஒரு மணி நேரம் உங்கள் இருவருக்கு. எங்கள் பரிசுகளை அப்போதுதான் பிரிக்கிறோம். மதியம் பத்துப் பேர் நடுவில் பிரித்தால் நன்றி சொல்லக்கூட நேரம் கிடைப்பதில்லை.

பிறகு கைமாற்றம். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். எந்த நேரத்திலும் மிருகத்துக்குப் பொறுப்பு இருவரில் ஒருவருக்கு. அது மனதில் இருந்தால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "மணி இப்போ உங்க பொறுப்பு." மற்றவர் பதில் சொல்ல வேண்டும்: "சரி, என் பொறுப்பு." பதில் வராவிட்டால் கை மாறவில்லை. எங்கள் வீட்டில் ஒரு சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறோம், பொறுப்பு மாறும்போது கயிறும் மாறும். விருந்தினர் வந்து இறங்கும் 20 நிமிடமும் கிளம்பும் 20 நிமிடமும் கயிறு கட்டியவர் வாசலுக்குப் போகவே கூடாது, மூடிய அறையில் மிருகத்தோடு இருக்க வேண்டும். "மாப்பிள்ளை எங்கே, கண்ணுலயே காணோம்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

உங்களுக்குள் ஒரு சொல்லும் வேண்டும். எங்களுடையது "தண்ணி குடிச்சியா?" யாராவது எப்போது குழந்தை, எப்போது வீடு என்று குடையத் தொடங்கும்போதோ, களைப்பில் முகம் சுருங்கும்போதோ, ஒருவர் அதைக் கேட்டால் மற்றவர் ஐந்து நிமிடத்துக்குள் வந்து அழைத்துப் போக வேண்டும். ஏன், எதற்கு என்று அங்கே கேட்பதில்லை.

படி 9: 26 முதல் புத்தாண்டு வரை

நண்பர்களுக்கான நாளை இங்கே வையுங்கள். 27, 29 போல் சாதாரண நாளில், மீந்ததைச் சூடு செய்து, புதிதாக எதுவும் சமைக்காமல். குடும்பம் தூரத்தில் இருப்பவர், சமீபத்தில் பிரிந்தவர், தனியாக இருக்கும் வயதானவர் ஆகியோரை முதலில் நினையுங்கள். அவர்களுக்கு 25ஐவிட 27தான் நீளமாக இருக்கும். நாயை நடத்திக் கூட்டிப் போக அவர்களையும் உடன் அழையுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து சொல்ல முடியாததைப் பக்கத்தில் நடக்கும்போது சொல்லிவிடுவார்கள்.

நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள். உண்மையில் வேண்டும் என்பவருக்குத் தீனித் தட்டும் பட்டையும் வாங்கிக் கொடுத்து, ஜனவரியில் வீடு அமைதியானதும் கூடப் போய்த் தேர்ந்தெடுங்கள்.

கோடு போட்டு வைத்த அந்த ஒரு நாளை யாருக்கும் தராதீர்கள், அம்மா கேட்டாலும்.

படி 10: எடுத்து வைப்பது

திருக்காட்சிக்குப் பிறகு மரத்தை இறக்கும்போது, அலங்காரங்களைப் பெட்டியில் எண்ணி வையுங்கள். எங்கள் பெட்டி மூடியில் எழுதியிருக்கிறது: உருண்டை 36, கொக்கி 40, நட்சத்திரம் 1. போன வருடம் கொக்கி 38தான் இருந்தது. ஒன்று சோபா மடிப்பில் கிடைத்தது. இன்னொன்றைத் தேடி மணியின் படுக்கையை உதறினோம், தரைவிரிப்பை மடித்தோம், கடைசியில் அவர் டார்ச் அடித்துக் குடில் வைக்கோலை ஒவ்வொரு பிடியாகப் பிரித்தார். குட்டி படுத்த குழிக்குள் இருந்தது. எடுத்துக் காட்டினார், நான் மூடியில் 40க்கு நேராகச் சரி போட்டேன்.